நின்றுகொண்டே மதுரை வரை

உட்காரக் கூடாது, மதுரை வரும்வரை உட்காரவே கூடாது என்று படியில் கால் வைக்கும்போதே பிலோமினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணன் சவரிமுத்துவை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் அடைத்த துணிப்பையை அவன் மடியில் கிடத்தி, மேலே ஓடும் கம்பியை எட்டிப் பிடித்து நின்றுவிட்டாள். அவனுக்குப் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. பச்சை ரெக்சின், நடுவில் ஒரு கிழிசல், கிழிசலுக்குள்ளிருந்து மஞ்சள் பஞ்சு எட்டிப் பார்த்து வா, வந்து உட்காரு என்றது. பின்னால் இன்னும் எட்டுப் பத்து இடம் காலி. இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் கூட்டம் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எடை மெஷின்மேல் ஏறி நிற்க வேண்டும். எழுபத்தைந்துக்குக் கீழே காட்டினால் இவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து அண்ணனுக்கு வைக்கத் தேதி குறித்துவிடுவார்கள். மேலே காட்டினால் போன மாதம் மாதிரி, போயிட்டு வாங்கம்மா. ஒன்றேகால் மணி நேரம் நின்றால் எத்தனை கிராம் குறையும்? நூறு? ஐம்பதாவது? வண்டி குலுங்குகிற குலுக்கலுக்கு ஒரு பத்துக் கிராம் சேர்த்துக்கொள்ளலாமா? “அக்கா, உட்காருங்கக்கா” என்றான் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து வண்டி வண்டியாகக் கூப்பிடுகிற பிலோமினாவைத் தெரியாத கண்டக்டர் அந்தத் தடத்தில் கிடையாது. “நீங்க கூப்பிட்டாத்தான் எங்க வண்டிக்கு ஜனமே வருது. நீங்க நின்னுக்கிட்டு வந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்குக்கா.” “இருக்கட்டும் தம்பி.” “எடந்தான் கெடக்கே?” “கெடக்கட்டும் தம்பி.” அவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டே குழம்பிப் போனான். எதிர்ப்பக்கம் கொய்யாக் கூடையை அணைத்துக்கொண்டிருந்த கிழவி இவளை ஏற இறங்கப் பார்த்தாள், பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற ரகசியக் குரலில், “ஏந்தாயி, மூலமா?” என்றாள். முன்சீட்டுத் தலைகள் மூன்று திரும்பின. பிலோமினா வாயைத் திறப்பதற்குள் சவரி முந்திக்கொண்டான். “இல்ல ஆத்தா, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை. மருத வர்ற வரைக்கும் குண்டி சீட்டுல படக் கூடாது.” முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, அப்படியே தவக்காலப் பாதிரியார் குரல். கிழவி கூடையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவுதான், இனி நினைத்தாலும் உட்கார முடியாது. பாவி அண்ணன் மாதாவைச் சாட்சிக்கு இழுத்துவிட்டான்.

நேர்ச்சைதான் ஒரு வகையில். ஆறு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டார், கண்ணாடியை மூக்குநுனியில் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஊசி போடுகிற மாதிரிக் குத்திக் குத்தி: “வாக்கிங் போறேன்னு சொல்றீங்க, ரொம்ப நல்லதும்மா, தினம் ஒரு மணி நேரம், சந்தோஷம். மீதி இருபத்து மூணு மணி நேரம் என்ன பண்றீங்க? எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கீங்க?” இவள் விரல் விட்டு எண்ணினாள். மைக் ரூமில் எட்டு. போகவர ஷேர் ஆட்டோவில் ஒன்று. காய் நறுக்குவது, சோறு தின்பது, மகளோடு சண்டை போடுவது, எல்லாம் உட்கார்ந்துதான். டிவி மூன்று. ஜெபமாலைகூட உட்கார்ந்தேதான், மாதாவுக்கு என்ன தெரியவா போகிறது என்று. பதினாலு மணி நேரம் வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பதினாலா? அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நில்லுங்கம்மா, நாலு எட்டு நடங்க. காலையில ஒரு மணி நேரம் நடந்துட்டு நாள் பூரா உட்கார்ந்திருந்தா உடம்பு எப்படிக் குறையும்?” எண்பத்தெட்டு கிலோ அன்றைக்கு. வீட்டுக்கு வந்து புருஷன் ராயப்பனிடம் அதே குரலில் அதே கண்ணாடியோடு செய்து காட்டினாள், மகள் சிரித்துப் புரண்டாள், ராயப்பன் மட்டும், “பதினாலா?” என்றார். மறுநாள் மைக் ரூமில் அந்த நாற்காலியைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷ நாற்காலி. பிரம்பு நடுவில் குழிந்து, அவள் எழுந்துபோன பிறகும் அவள் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. பத்தொன்பது வருஷம் அதில் உட்கார்ந்து ஊரையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்: பழநி செல்லும் பேருந்து இரண்டாவது தடத்தில், தேனி செல்லும் பேருந்து ஐந்தாவது தடத்தில், திருச்சி செல்லும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில். ஊர் கிளம்பிக் கிளம்பிப் போனது, மூட்டையும் முடிச்சுமாக, கைக்குழந்தையும் தண்ணீர் பாட்டிலுமாக ஓடியது. ஓடச் சொன்னவள் ஒரு அடி நகரவில்லை. அன்றைக்கே நாற்காலியை மூலைக்குத் தள்ளினாள். நின்று பேச மைக் எட்டவில்லை, பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மைக்கை ஏற்றினாள். முதல் நாள் ஒட்டன்சத்திரம் வண்டிக் கண்டக்டர் ஜன்னலில் தலையை விட்டு, “யாரோ புதுப் பொண்ணு வந்துருச்சோன்னு பார்த்தேன், நீங்கதானா” என்றான். நின்றால் மூச்சு நிறைய வருகிறது, மூச்சு நிறைய வந்தால் குரலுக்கு வயசு குறைகிறது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு வாரம் கால் வலியே தெரியவில்லை.

இப்போது தெரிகிறது. சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் வலது குதிகாலில் ஒரு முள் ஏறிக்கொண்டது, முள் இல்லாத முள். இடது காலுக்கு மாற்றினாள், இடது கால் முட்டி “என்னை ஏன்” என்று சலித்த குரலில் கேட்டது. வெளியே சிறுமலை நீலமாகக் கூடவே வந்தது, மலை என்ன, அதுவும் உட்கார்ந்தேதான் வருகிறது. இந்தக் கால் முன்னே எப்படி ஓடியது. யாருடைய கால் அது? ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து மறைக்கல்வி. நூற்று நாற்பது பிள்ளைகள், மதர் ஜெரால்டின், கையில் ஸ்கேல், மூக்கால் பேசுகிற மதர். “அம்பான பிள்ளைங்களே, ஙாலு வரிசையா நில்லுங்க.” சவரிக்குப் பதினாறு, இவளுக்குப் பதிமூன்று. அவன் போய், மணி அடிக்கிற கோயில் பிள்ளையிடம் மணிக்கயிறு அறுந்துவிட்டது என்று கதை கட்டி அவரை மணிக்கூண்டுக்கு ஏற்றிவிட்டான், இவள் பூசை உடுப்பு வைக்கிற சக்கிரீஸ்து அறைக்குள் நுழைந்து மைக்கின் குமிழைத் தட்டினாள். மூக்கைச் சுருக்கி மதர் குரலை எடுத்தாள். “அம்பான பிள்ளைங்களே, இன்னைக்கு மறைக்கல்வி கெடையாது, எல்லாரும் ஓடிப் போயிருங்க.” நூற்று நாற்பது பிள்ளைகளும் ஒரே மூச்சில் வாசலை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். அப்போதுதான் மடத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மதர், தன் குரல் தனக்கு முன்னால் கோயிலுக்குப் போய்ப் பேசிவிட்டதைக் கேட்டு அப்படியே நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இவர்கள் இரண்டு பேரும் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். எத்தனை தூரம்? கோபாலசமுத்திரக் குளத்துக் கரை சுற்றி, தண்டவாளம் வரைக்கும், சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே ஓட முடிந்தது, அதுதான் இப்போது நம்ப முடியவில்லை. இப்போது சிரித்தாலே உட்கார வேண்டியிருக்கிறது. ஓடிப் போய் ரயில்வே ஸ்டேஷனில், முதல் பிளாட்பாரத்தில், சிவப்பும் மஞ்சளும் பல்பு சுற்றுகிற எடை மெஷின். கையில் ஒரே ஒரு காசு. ஒரு காசுக்கு ஒரு ஆள்தான் ஏற வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இரண்டு பேரும் ஏறினார்கள், இவள் அவன் கால்மேல் கால் வைத்து, விழாமல் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு. டொக் என்று அட்டை விழுந்தது. எழுபத்தாறு. அதில் நாற்பத்தஞ்சு என்னுது, முப்பத்தொண்ணு உன்னுது என்றான். இல்லை, நாப்பது எனக்கு என்றாள். பிளாட்பாரத்திலேயே அடித்துக்கொண்டார்கள். அட்டையின் பின்பக்கம் அதிர்ஷ்டம் போட்டிருந்தது: பிறர் பொருளுக்கு ஆசைப்படாதீர்கள். சிறுநீரகம் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சவரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். “அன்னைக்கே மெஷின் சொல்லிருச்சு பாரு, எனக்குத்தான் வெளங்கல.” அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து எழுபத்தாறு. இன்றைக்கு இவள் ஒருத்தியே கிட்டத்தட்ட அவ்வளவு. அந்தப் பையனையும் அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறாள் போல, குதிகால் வலிக்காமல் என்ன செய்யும்.

“கொடைரோடு வந்துருச்சு, மாதா இன்னும் மனசு எறங்கலையா?” என்றான் சவரி. “மூடிக்கிட்டு வாண்ணே.” “ஒரு பக்கமாவாவது சாஞ்சுக்க, அது நேர்ச்சையில சேராது.” சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றது. ஜன்னல் ஜன்னலாகப் பன்னீர் திராட்சை ஏறி வந்தது, நூலில் கட்டிய கொத்து, மேலே தண்ணீர் தெளித்து மினுக்கி. சவரி அதைப் பார்த்துவிட்டு முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டான். அவனுக்குத் திராட்சை கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீரே ஒரு நாளைக்கு அளந்துதான். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், அவனும் ஒரு டயாலிசிஸ் நாற்காலியில்தான் கிடக்கிறான், கையில் இரண்டு குழாயோடு. ரத்தம் வெளியே போய் மெஷினைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறது. முதல் மாதம் அந்த மெஷினையும் பேசிக் காட்டினான். பீப் பீப் என்று அது அழுவதை, அது அழுதால் நர்ஸ் ஓடிவந்து “என்ன சார் கைய ஆட்டுனீங்களா” என்று கேட்பதை, பக்கத்து நாற்காலி ரிட்டையர்டு தாசில்தார் “நான் யார் தெரியுமா” என்று மெஷினை மிரட்டுவதை. மதினி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவனிடம் இருபது குரலாவது மிச்சம் இருந்தது. பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தாசில்தார் செத்துப்போனார், அந்த நாற்காலியிலிருந்து போனதுபோலவே இவன் தொண்டையிலிருந்தும் போனார். ஒவ்வொரு குரலாகக் கழன்றது, இழுத்துப் பேச வேண்டிய குரலெல்லாம் முதலில். இப்போது பாதிரியார் ஒருவர்தான் மிச்சம், அதுவும் மெதுவாகப் பேசுகிறவர் என்பதால். இன்று அவன் கிழவியிடம் பேசியபோது அந்தக் குரலைக் கேட்டுப் பிலோமினா கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எண்பத்தெட்டு, பிறகு எண்பத்தொன்று, பிறகு எழுபத்தேழு. ஒவ்வொரு முறையும் டாக்டர், “வெரி குட்மா, இன்னும் கொஞ்சம்.” போன மாதம் எழுபத்தேழரை. “என்னம்மா, ஏறியிருக்கே?” என்றார். இவள், “சொந்தக்காரங்க வீட்டுல கல்யாணம் சார், பிரியாணி” என்று ஒரு வாய்க்கு வந்ததைச் சொன்னாள். எந்த வீட்டிலும் கல்யாணம் இல்லை. நடந்தது வேறு, அதை நினைக்கக் கூடாது, வாடிப்பட்டி வரைக்குமாவது நினைக்கக் கூடாது, சிறுமலையை நினை, திங்கட்கிழமை மகளுக்குக் கட்ட வேண்டிய சாப்பாட்டை நினை, எதை நினைத்தாலும் அது பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கே போய் நிற்கிறது. அந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் இருபது நாள் இருந்தது. பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடை ஸ்டீபன் புதிதாக ஒரு எடை மெஷின் வாங்கி வைத்து, “ஏறிப் பாருங்கக்கா, உங்களுக்கு ஓசி” என்றான். ஏறினாள். எழுபத்து நாலு புள்ளி எட்டு. ஸ்டீபன் கைதட்டினான். இவளும் சிரித்தாள், மருந்துக்கடையிலிருந்து மைக் ரூம் வாசல்வரை அந்தச் சிரிப்பு இருந்தது. வாசல்படி ஏறும்போது இல்லை. அப்படியென்றால் நாளைக்கே ஃபோன் போட்டுச் சொல்லலாம், அடுத்த வாரமே தேதி குறித்துவிடுவார்கள், அப்படியென்றால் நிஜமாகவே. நிஜமாகவே. அன்று நாலு மணிக்குப் பழநி வண்டியைக் கூப்பிட்டுவிட்டு இறங்கிப் போய், பேக்கரியில் ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கி, நின்றுகொண்டேதான், நின்றுகொண்டே தின்றால் கணக்கில் வராது என்பதுபோல, நாலே வாயில் தின்றாள். ஜாம் முழங்கைவரை வழிந்தது. தலைசுற்றுகிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் நாலு மணிக்குத் தலை சுற்றியது. அடுத்த நாள் சரியாக நாலு மணிக்கு, பழநி வண்டி கிளம்பியவுடன், கடிகாரம் பார்த்துச் சுற்றியது. காலையில் ஒரு பிலோமினா ஐந்து மணிக்கு எழுந்து மைதானத்தை எட்டுச் சுற்றுச் சுற்றினாள், சாயங்காலம் இன்னொரு பிலோமினா போய்ப் பேக்கரியில் நின்றாள், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எழுபத்தேழரையைப் பார்த்த பிறகு பேக்கரிக்காரி வாரத்துக்கு ஒரு நாள்தான் வந்தாள், ஆனால் எந்த மெஷினிலும் ஏறிப் பார்க்கவில்லை. கத்திக்குப் பயமா? இல்லை. இரண்டு பிள்ளைப்பேறு, ஒன்று ஆபரேஷன்தான். ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார், அதிலும் சந்தேகம் இல்லை. பயத்தைக் கிளப்பிவிட்டது மயக்க மருந்து டாக்டரம்மாதான். அவர் பாட்டுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே, “மயக்கம் குடுத்ததும் தொண்டைக்குள்ள ஒரு குழாய் போடுவோம். எந்திரிச்ச பிறகு ரெண்டு மூணு நாள் தொண்டை கரகரப்பா இருக்கும், அப்புறம் சரியாயிடும்” என்றார். ரெண்டு மூணு நாள், சரியாயிடும் என்பதெல்லாம் காதுக்கு வெளியே விழுந்துவிட்டது. தொண்டைக்குள்ள ஒரு குழாய். அது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தைராய்டு ஆபரேஷன் பண்ணிய மேட்டுப்பட்டி லூர்தக்கா வாத்து மாதிரிப் பேசுகிறாள். அது வேறு ஆபரேஷன், வேறு இடம், தெரியும், பயத்துக்குக் கேஸ் ஷீட் படிக்கத் தெரியவில்லை. அண்ணன் உயிர் ஒரு பக்கம், மறுபக்கம் தேனி செல்லும் பேருந்து ஐந்தாவது தடத்தில். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலம். மதினி காதில் விழுந்தால்? குரலுக்காக, போயும் போயும் ஒரு குரலுக்காக என் தாலியை, என்று அவள் வாய் திறந்து கேட்கக்கூட மாட்டாள், கேட்காமல் காப்பி கொண்டுவந்து வைப்பாள். ஆனால் இந்தக் குரலைத் தவிரப் பிலோமினாவிடம் வேறு என்ன இருக்கிறது? படிப்பு இல்லை, அழகு இல்லை, ஓடின கால் போய்விட்டது, இடுப்பு போய்விட்டது. பதிமூன்று வயசிலிருந்து கூடவே வந்து மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இதற்கு மட்டும் இன்னும் எடை போடவில்லை.

“இந்த மாசம் எவ்வளவு இருப்ப?” என்றான் சவரி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. வாடிப்பட்டி கடந்திருந்தது. “தெரியலண்ணே. பார்க்கல.” “ஸ்டீபன் கடையில ஏறிப் பார்க்கிறதுதான?” அவள் கம்பியை மாற்றிப் பிடித்தாள். “அங்க மெஷின் சரியில்ல.” “அப்படியா? போன தடவ சரியாத்தான இருந்துச்சு. எழுபத்து நாலே முக்கால்.” வண்டி ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. “தங்கச்சி ஜெயிச்சிட்டாங்கண்ணே, மிட்டாய் எங்கன்னு கேட்டான் ஸ்டீபன். நான் வாங்கியும் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து ஒன்னோட ஃபோனுக்காக ஒக்காந்திருந்தேன், மொத நாள் வரல, ரெண்டாவது நாள் வரல. இருபது நாள் கழிச்சு ஆஸ்பத்திரி மெஷின்ல எழுபத்தேழரை.” கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஒரு கோபத்தை எடுத்து நீட்டியிருக்கலாம். “ஒரு மாசமா தெரியுமா ஒனக்கு?” “ஆமா.” “ஏண்ணே கேட்கல?” “கேட்டா நீ எதாவது கொரல்ல பதில் சொல்லிருவ. அப்புறம் நானும் சிரிச்சிருவேன்.” கொய்யாக் கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். பிலோமினா குனிந்தாள், முன்சீட்டுக்குக் கேட்காத அளவுக்குக் குனிந்து, நகரும் படிக்கட்டு மாதிரி நிற்காமல் ஒரே மூச்சில் சொன்னாள்: பன், பட்டர், நாலு மணி, குழாய், லூர்தக்கா, தொண்டை. சொல்லச் சொல்ல அது அவளுக்கே சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டது, அதனால் இன்னும் வேகமாகச் சொன்னாள். சவரியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பார்த்தாள், இல்லை, சிரிக்கிறான், சத்தம் வரத் தெம்பில்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான். “எழவெடுத்தவளே, கிட்னிக்குப் பயப்படாம கொரலுக்குப் பயந்தியா?” “சிரிக்காதண்ணே.” “இல்ல, நெசமா கேக்குறேன், ஒன் கிட்னி என் வயித்துக்குள்ள வந்து, நான் வாயைத் தொறந்தா பழநி செல்லும் பேருந்துன்னு வந்துருச்சுன்னா என்ன பண்றது? வீட்டுல ஒங்க மதினி பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவாளே.” இப்போது அவளுக்கும் வந்துவிட்டது, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள், கண்டக்டர் திரும்பிப் பார்த்தான், நேர்ச்சை முடிந்துவிட்டதோ என்று. சிரிப்பு ஓய்ந்தபோது சமயநல்லூர் வந்திருந்தது, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, அவனுக்கு அதிகம். அவன் துணிப்பையின் காதைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினான். “பிலோ, ஒண்ணு சொல்றேன். நீ பதில் சொல்ல வேணாம். இன்னைக்கு நீ மெஷின்ல ஏறாத. கால் வலி, மயக்கமா வருதுன்னு வெளியவே ஒக்காந்துக்க. நான் உள்ள போயி டாக்டர்ட்ட எனக்கு மனசில்லன்னு சொல்லிர்றேன். வாங்குறவனே வேணாங்கும்போது யாரு என்ன சொல்ல முடியும்? ஒங்க மதினிக்கிட்டயும் நான் பேசிக்கிறேன். ஒன் மேல ஒரு சொல் விழாது. லிஸ்ட்டுல பேரு கெடக்கு, வர்றப்ப வரட்டும்.” இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறவர்கள் லிஸ்ட்டில் அவன் பெயர் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் முந்நூற்றுச் சொச்சமாவது ஆள், இந்த வருஷமும் முந்நூற்றுச் சொச்சம். அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, கடைக்குப் போய் வா என்கிற மாதிரிச் சொல்கிறான். பிலோமினா பதில் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் “பரவை எறங்கு, பரவை” என்று கண்டக்டர் கத்தினான், காய்கறி மார்க்கெட்டுக்குப் போகிற கூட்டம் எழுந்து கூடையும் சாக்குமாக இருவருக்கும் நடுவே புகுந்து நெருக்கியது, கூட்டம் வடிந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்குகிறானா, தூங்குகிற மாதிரி இருக்கிறானா. மனசில்லன்னு சொல்லிர்றேன் என்றது அவனுடைய சொந்தக் குரல். அதில் பாதிரியார் இல்லை, மெஷின் இல்லை, தாசில்தார் இல்லை. கடைசியாக எப்போது கேட்டோம் இந்தக் குரலை என்று தேடிப் பார்த்தாள். அப்பா செத்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில், “நீ சாப்டியா” என்று கேட்டபோது. அதற்கு முன்னாலும் இல்லை, அப்புறமும் இல்லை. ஒருவேளை அவனுக்கும் ஒரு குரல்தான் மிச்சமோ என்னவோ. மூன்று நாள் கரகரப்பு. மூன்று நாளைக்குத் தேனி வண்டியை யாராவது கூப்பிடுவார்கள். மூன்று நாள் இல்லாமல் மூன்று மாதம் என்றால்? மூன்று வருஷம் என்றால்? பாத்திமா கல்லூரி, பாலம், வைகையில் தண்ணீர் இல்லாத மணல், ஆரப்பாளையம். எல்லா நாளும் இவ்வளவு சீக்கிரமாகவா மதுரை வரும்.

ஆஸ்பத்திரியில் எடை மெஷின் வராந்தாவின் முடிவில், சுவரோரமாக இருந்தது. மெஷினுக்கு இரண்டு அடி தள்ளி ஒரு பெஞ்சு. சவரி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் துணிப்பையை வைத்தான், பிறகு அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியாகிவிட்ட இடத்தை ஒரு முறை தட்டினான். இவளைப் பார்க்கவில்லை. நர்ஸ் பெண் இருபத்திரண்டு வயசு இருப்பாள், “பிலோமினா ராயப்பன்” என்றாள், ஃபைலைப் புரட்டிக்கொண்டே. ஒன்றேகால் மணி நேரம் நின்ற கால் பெஞ்சைப் பார்த்து அழுதது. செருப்பைக் கழற்றினாள். தரை சில்லென்றிருந்தது. ஏறினாள். எண்கள் ஓடின, எழுபத்தாறு, எழுபத்து மூன்று, நின்றால்தானே அதற்கும் நிலை, அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், அடக்கினால் கூடுமா குறையுமா, விட்டுவிட்டாள். “எழுபத்து நாலு புள்ளி ஆறு. சூப்பர்க்கா!” என்று நர்ஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஃபைலின் ஓரத்தில் குறித்தாள். பன்னும் ஜாமும், எட்டுச் சுற்றும், ஒன்றுக்கொன்று கழித்துக்கொண்டு எழுபத்து நாலு புள்ளி ஆறு. பயம் போகவில்லை, அது தொண்டையில் அதே இடத்தில்தான் இருந்தது, எச்சில் விழுங்கிப் பார்த்தாள், இருந்தது. பிலோமினா மெஷினை விட்டு இறங்காமலே நர்ஸின் கையைப் பார்த்தாள். “எதுக்கும்மா பென்சில்ல எழுதுற?” “டாக்டர் பார்த்துட்டு அப்புறம் ஏத்துவாங்கக்கா. சில பேரு மறுபடி பார்க்கச் சொல்லுவாங்க, அதுக்குத்தான்.” “பேனாவுல எழுது.” “அக்கா?” “பேனாவுலயே எழுதிரு தாயி. மறுபடியெல்லாம் வேணாம்.” நர்ஸ் சட்டைப்பையைத் தடவினாள், மேஜையைப் பார்த்தாள், பேனா இல்லை. பிலோமினா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணே, பேனா.” சவரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். எடுத்ததோடு சரி, நீட்டவில்லை. மூடியைக் கழற்றப் பார்த்தான், ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை, பிடி கிடைக்காமல் வழுக்கியது, அல்லது வழுக்கட்டும் என்று விட்டானோ என்னவோ. “இன்னும் நேரம் இருக்குடி” என்றான், பேனாவைப் பார்த்தபடியே. அவள் மெஷினை விட்டு இறங்கி வந்தாள், அவன் கையிலிருந்து அதை வாங்கினாள், மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி நர்ஸிடம் கொடுத்தாள்.